வெயிலும் மீன் எண்ணெயும்

பிறந்து நான்கைந்து மாதங்களே ஆன ஒரு சிசுவின் தலையை இரு கைகளிலும் தாங்கிக்கொண்டு, காதுக்குப் பின்புறமாக மண்டை எலும்பைப் பெருவிரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பது பழைய ஐரோப்பியக் குழந்தை வைத்தியர்களின் வழக்கம். ஆரோக்கியமான குழந்தையாயின் எலும்பு விரலை எதிர்த்து நிற்கும். ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மென்மை நோய் தொடங்கிவிட்ட குழந்தையாயின், இளநீர்க் காயின் முற்றாத ஓடு அமுங்குவதுபோல அந்த இடம் உள்ளே அமுங்கி, விரலை எடுத்ததும் மறுபடி மேலெழும். அங்கிருந்து வைத்தியரின் கை கீழே இறங்கும். விலா எலும்புகள் குருத்தெலும்போடு சேரும் இடங்களில் ஜபமாலையின் மணிகள்போல வரிசையாகச் சிறு முடிச்சுகள் தட்டுப்படும். மணிக்கட்டுகள் புடைத்து, தோலுக்கு அடியில் ஒரு வளையல் கிடப்பதுபோலத் தோன்றும். நடக்கத் தொடங்கும் வயதில் உடலின் பாரத்தைத் தாங்கமாட்டாமல் கால்கள் வில்லாக வளையும். பெண் குழந்தையாயிருந்து இடுப்பெலும்பும் நெளிந்து போயிருந்தால், அதன் வேதனையை அவள் இருபது ஆண்டுகள் கழித்துப் பிரசவ காலத்தில் அனுபவிக்க நேரும். உயிரைச் சட்டென்று பறிக்காமல், உருவத்தை மெல்ல மெல்லக் கோணலாக்கி, ஆயுள் முழுவதும் கூடவே வரும் வியாதி இது.

1645-ல் டேனியல் விஸ்லர் என்ற ஆங்கில மாணவர் லெய்டன் சர்வகலாசாலையில் சமர்ப்பித்த ஆய்வுரையிலும், 1650-ல் பிரான்சிஸ் கிளிஸன் லத்தீன் மொழியில் வெளியிட்ட நூலிலும் இந்நோயின் லட்சணங்கள் தெளிவாக வர்ணிக்கப்பட்டிருக்கின்றன. பின்னர் கைத்தொழில் யுகம் பிறந்து, நிலக்கரிப் புகை லண்டன், மான்செஸ்டர், கிளாஸ்கோ முதலிய நகரங்களின் வானத்தை மூடியபோது, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இடுக்குச் சந்துகளில் வளைந்த கால்களோடு தத்தித் தத்தி நடக்கும் குழந்தைகள் சர்வ சாதாரணக் காட்சியாயினர். ஜெர்மானியர்கள் இதற்கு 'ஆங்கில நோய்' என்றே பெயரிட்டார்கள். ஆயினும் அவர்களுடைய நகரங்களையும் அது விட்டுவைக்கவில்லை.

காரணம் என்ன என்பதில்தான் கருத்துகள் பலவாறு பிரிந்தன. தொற்று என்றார்கள் சிலர். பரம்பரை என்றார்கள் சிலர். காற்றோட்டமில்லாத அறையில் அடைபட்டுக் கிடப்பதன் விளைவு என்றார்கள் வேறு சிலர். வில்நியூஸ் நகரத்துப் பேராசிரியர் ஷ்னியாதெட்ஸ்கி, வார்சா நகரக் குழந்தைகளிடம் மலிந்திருக்கும் இந்நோய் சுற்றுக் கிராமங்களில் அபூர்வமாயிருப்பதைக் கண்டு, குழந்தைகளை வெயிலில் விடுமாறு 1822-லேயே உபதேசித்திருந்தார். ஜப்பானில் மிஷன் வைத்தியராகப் பணிபுரிந்து திரும்பிய தியோபால்ட் பாம் என்பவர், அந்நாட்டில் தாம் காணாத ஒரு நோயை இங்கிலாந்தில் எங்கும் கண்டு வியந்து, பல நாடுகளிலிருந்தும் வைத்தியர்களின் செய்திகளைத் திரட்டி, சூரிய ஒளியின் குறைவே இதற்கு மூலம் என்று 1890-ல் எழுதினார். மற்றொரு புறத்தில், வடகடலோரத்து மீனவக் குடும்பங்களோ, காட் என்னும் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் குழந்தைக்குப் புகட்டினால் எலும்பு தேறும் என்பதை எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே அறிந்திருந்தார்கள். வெயில் ஒரு மருந்து, நாற்றம் பிடித்த மீன் எண்ணெய் மற்றொரு மருந்து. இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும்? ஒன்று சரியென்றால் மற்றது மூடநம்பிக்கை என்றுதான் படித்தவர்கள் கருதினார்கள்.

1919-ஆம் ஆண்டில் இரு கட்சிகளுக்கும் ஒரே சமயத்தில் பலமான சாட்சியம் கிடைத்தது. லண்டனில் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளைக் குறிப்பிட்ட சில ஆகாரங்களில் மட்டும் வளர்த்து அவற்றுக்கு ரிக்கெட்ஸ் நோயை உண்டாக்கிக் காட்டியதோடு, காட்லிவர் எண்ணெய் கொடுத்தால் அது வராதென்பதையும் நிரூபித்தார். அக்குட்டிகள் எப்பொழுதும் அறைக்குள்ளேயே அடைபட்டிருந்தன என்பதை அன்று எவரும் பெரிதாக நினைக்கவில்லை. அதே ஆண்டில் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் குழந்தை வைத்தியர், நோயுற்ற குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் புற ஊதாக் கதிரில் கிடத்தி, சில வாரங்களில் எலும்பில் சுண்ணாம்பு மீண்டும் படிவதை எக்ஸ்ரே படத்தில் கண்டார். ஒரு கையை மட்டும் ஒளியில் காட்டியபோது, ஒளி படாத மறு கையின் எலும்பும் கூடவே குணமாயிற்று என்பதுதான் அவர் கண்ட விசேஷம். ஒளி எலும்பைத் தொட்டுக் குணமாக்கவில்லை. தோலில் ஏதோ ஒன்று உண்டாகி, இரத்தத்தோடு கலந்து, தேகமெங்கும் சென்றிருக்கிறது. இந்த ஒரு குறிப்பிலேயே பிற்கால உண்மை முழுவதும் அடங்கியிருந்ததென்று இன்று நமக்குத் தோன்றுகிறது; எனினும் ஆகாரத்தை நம்பியவர்களை அது அசைக்கவில்லை.

இந்த வழக்கு தீர்ந்த இடம் வியன்னா. முதல் உலக யுத்தத்தில் தோற்று, சாம்ராஜ்யத்தை இழந்து, பாலுக்கும் கரிக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நின்ற அந்நகரத்தில் குழந்தைகளின் நிலை மிகவும் பரிதாபகரமாயிருந்தது. லண்டனிலிருந்த லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹாரியட் சிக் என்னும் பெண்மணி 1919-ல் அங்கு சென்றார். 1905-ல் அவர் அந்நிலையத்தின் உதவிச் சம்பளத்துக்கு விண்ணப்பித்தபோது, ஒரு பெண்ணை எடுக்கலாகாதென்று அங்கிருந்த இருவர் தலைவரிடம் மன்றாடியதாகச் சரித்திரம் சொல்கிறது. இப்பொழுது அவரோடு எல்ஸி டாலியல், மார்கரெட் ஹியூம், ஹென்டர்சன் ஸ்மித், ஹெலன் மக்கே என்று வந்து சேர்ந்த சகாக்களும் பெண்களே. அவர்களுக்கு இடமளித்தது சர்வகலாசாலையின் குழந்தை ஆஸ்பத்திரி. அதன் தலைவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே உலகப் புகழ்பெற்றவர். 'அலர்ஜி' என்ற சொல்லையே 1906-ல் உலகுக்குத் தந்தவர்.

பிர்க்கேயின் அபிப்பிராயத்தில் ரிக்கெட்ஸ் ஒரு தொற்று நோய். வந்தவர்களோ, நேற்றுவரை எதிரி நாடாயிருந்த தேசத்திலிருந்து, அவருடைய கொள்கைக்கு மாறான ஒன்றைச் சோதிக்க வந்தவர்கள். அப்படியிருந்தும் அவர் தம் ஆஸ்பத்திரியின் குழந்தைகளையும், தாதிகளையும், எக்ஸ்ரே நிபுணராகிய ஹான்ஸ் விம்பெர்கரையும் அவர்களிடம் ஒப்படைத்தார். தமது அபிப்பிராயம் பொய்யாகக்கூடிய பரிசோதனைக்குத் தாமே கதவைத் திறந்துவிட்ட அந்த மனத்தை நான் பெரிதும் போற்றுகிறேன். விஞ்ஞான சரித்திரத்தில் கண்டுபிடித்தவர்களின் பெயர் நிலைக்கிறது; இடம் கொடுத்தவர்களின் பெயர் மங்கிவிடுகிறது.

பரிசோதனை எளிமையானதுதான், ஆனால் அதற்கு வேண்டிய கண்டிப்பு எளிதன்று. சிசுக்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு, பாலும் சர்க்கரையும் கொண்ட, ஆஸ்பத்திரியில் வழக்கமாயிருந்த ஆகாரம்; மற்றொரு பிரிவுக்கு, கொழுப்பு நீக்காத பால்மாவும் காட்லிவர் எண்ணெயும். படுக்கை, சுத்தம், காற்று, தாதிகளின் கவனிப்பு ஆகியவற்றில் வித்தியாசமில்லை. குளிர்காலம் வந்தது. வழக்கமான ஆகாரம் உண்ட சிசுக்களில் பலருக்கு ரிக்கெட்ஸ் கண்டது. எண்ணெய் பெற்றவர்களில் ஒருவருக்கும் காணவில்லை. ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்துக் கிடந்த குழந்தைகளில் ஒரு சாராரை மட்டும் பொறுக்கியெடுத்துத் தாக்கும் தொற்று நோய் உலகத்தில் உண்டா? தொற்றுக் கொள்கை அங்கேயே விழுந்தது.

இத்தோடு அவர்கள் நிறுத்தியிருந்தால், ஆகாரக் கட்சி ஜெயித்தது என்று முரசறைந்துகொண்டு லண்டன் திரும்பியிருக்கலாம். அவர்கள் கோடைக்காலம் வரை காத்திருந்தார்கள். கோடையில், எண்ணெயே பெறாத பிரிவிலும் ஒரு சிசுவுக்கும் புதிதாக நோய் வரவில்லை. ஆகாரம் மாறவில்லை, மாறியது வானம் மட்டுமே. பிறகு, ஏற்கெனவே நோயுற்ற குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சிலருக்கு எண்ணெய் கொடுத்தார்கள். சிலரைப் பாதரச விளக்கின்கீழ்க் கிடத்தினார்கள். சிலரைத் திறந்த வெளியில் வெயிலில் படுக்க வைத்தார்கள். மூன்று வகையினரும் குணமடைந்தார்கள். விம்பெர்கர் எடுத்த மணிக்கட்டுப் படங்களில், கிண்ணம்போல் குழிந்து, நைந்த துணியின் ஓரம்போலப் பிசிறடித்திருந்த எலும்பு முனைக்கு அப்பால், முதலில் மெல்லியதொரு வெள்ளைக் கோடு தோன்றும். வாரங்கள் செல்லச் செல்ல அக்கோடு தடித்து, இடைவெளி நிரம்பி, எலும்போடு ஒன்றாகும். எண்ணெயால் குணமான குழந்தையின் படத்திலும், வெயிலால் குணமான குழந்தையின் படத்திலும் அதே வெள்ளைக் கோடுதான். 1922-ல் இம்முடிவுகள் வெளியாயின. ரிக்கெட்ஸ் ஆகாரக் குறையாலும் வருகிறது, ஒளிக் குறையாலும் வருகிறது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. பிர்க்கே அதை ஏற்றுக்கொண்டார்.

எண்ணெய்க்குள் இருந்த அந்தப் பொருள் எது? பால்டிமோர் நகரில் மெக்காலம் என்பவர், காட்லிவர் எண்ணெயைச் சூடாக்கி அதனூடே பிராணவாயுவைச் செலுத்தி, அதிலிருந்த ஏ ஜீவசத்தை, அதாவது வைட்டமின் ஏ-யை, அழித்தார். அந்த எண்ணெய் கண் நோயைத் தீர்க்கும் சக்தியை இழந்தது. ஆனால் ரிக்கெட்ஸைத் தீர்க்கும் சக்தி அப்படியே இருந்தது. ஆகவே அது வேறொரு பொருள். ஏ, பி, சி என்ற எழுத்துகள் முன்பே செலவாகிவிட்டபடியால், 1922-ல் அதற்கு வைட்டமின் டி என்ற பெயர் வாய்த்தது.

ஒளிக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு வெளிப்பட்ட விதம் சுவாரசியமானது. ஹியூமும் ஸ்மித்தும், சத்துக் குறைந்த ஆகாரம் தின்ற எலிகளை, முன்னதாகப் பாதரச விளக்கொளி பாய்ச்சிய கண்ணாடி ஜாடிகளில் விட்டார்கள். எலிகளின்மேல் ஒளியே படவில்லை. இருந்தும் அவை செழிப்பாக வளர்ந்தன. ஒளி பட்ட காற்றுக்கே ஏதோ சக்தி வந்துவிட்டது என்று 1923-ல் அவர்கள் எழுதினார்கள். பிறகுதான் உண்மை புலப்பட்டது: ஜாடியின் அடியில் மரத்தூள் பரப்பியிருந்தார்கள், ஒளி பட்ட அந்தத் தூளை எலிகள் கொறித்துத் தின்றிருந்தன. 1924-ல் நியூயார்க்கில் ஹெஸ் என்பவரும், விஸ்கான்சினில் ஸ்டீன்பாக் என்பவரும், தனித்தனியே, ரிக்கெட்ஸைத் தடுக்கும் சக்தி இல்லாத எண்ணெய் முதலிய உணவுப் பொருள்களைப் புற ஊதா ஒளியில் வைத்து எடுத்தாலே அச்சக்தி அவற்றுக்கு வந்துவிடுவதைக் காட்டினார்கள். கோட்டிங்கன் நகரத்து ரசாயனப் பேராசிரியர் அடால்ஃப் வின்டௌஸ், கொலஸ்டிராலின் உறவுப் பொருள்களை ஆராய்ந்து 1928-ல் நோபல் பரிசு பெற்றார். நம் தோலிலேயே இருக்கும் ஒரு கொலஸ்டிரால் வகை ஒளியில் உருமாறி டி ஆகிறது என்பது 1930-களின் நடுவில் தெளிவாயிற்று.

சூரிய ஒளி முழுவதும் இவ்வேலையைச் செய்வதில்லை. கண்ணுக்குப் புலனாகாத, ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர்களே செய்யும். அவை மிகவும் நொய்மையானவை; சாதாரண ஜன்னல் கண்ணாடியே அவற்றைத் தடுத்துவிடும். வியன்னா பூமத்திய ரேகைக்கு வடக்கே 48 பாகையில் இருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் வானத்தில் தாழ்ந்தே செல்வதால், கதிர்கள் சாய்வாக வந்து, நெடுந்தூரம் காற்று மண்டலத்தைக் கடக்கும்போது ஓசோன் அவற்றை விழுங்கிவிடுகிறது. ஜன்னலோரத் தொட்டிலில் வெளிச்சத்தில் கிடந்த வியன்னாக் குழந்தைக்கு வெளிச்சம் இருந்தது; வேண்டிய கதிர்தான் இல்லை.

இனி எலும்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். எலும்பைக் கல் என்று நினைப்பது தவறு. எலும்பணுக்கள் முதலில் கொலாஜன் என்னும் புரத இழைகளைப் பின்னி ஒரு சட்டத்தை அமைக்கின்றன. பின்னர் அதன் இடுக்குகளில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப் படிகங்கள் இறுகுகின்றன. இழைகள் வளையும் தன்மையையும், படிகங்கள் கடினத்தையும் தருகின்றன. ரிக்கெட்ஸில் இழைப் பின்னல் நின்றுவிடுவதில்லை, படிகந்தான் விழுவதில்லை. மண் பூசாத வரிச்சுச் சுவர்போல எலும்பு நிற்கிறது. வளரும் முனையிலுள்ள குருத்தெலும்பு அணுக்களோ, தாம் சுண்ணாம்பேறி எலும்புக்கு இடம் கொடுக்க வேண்டிய வேளை வந்தும் அது நடைபெறாமையால், மேன்மேலும் பெருகிக் குவிகின்றன. மணிக்கட்டின் புடைப்பும், விலாவின் ஜபமாலையும் இப்படி உண்டானவையே.

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வைட்டமின் டி எலும்பின் கட்டுமானப் பொருள் அன்று. எலும்பைப் பொடித்துச் சோதித்தால் கால்சியம் மலையாகக் கிடைக்கும். டி அதில் கணக்கில் வராது. குடலின் சுவரில் கால்சியம் உள்ளே வருவதற்கு வழிவிடுவதே அதன் வேலை. டி போதாதபோது, உண்ட கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் உடலில் சேரும். போதுமானபோது 30 முதல் 40 சதவீதம் வரை சேரும். மிகுதி மலத்தோடு போய்விடும். ஆகையால்தான் பால் குடித்தும் ஒரு குழந்தைக்குக் கால் வளைகிறது. பால் போதவில்லை என்று தாயைக் குறை கூறுவது அநியாயம்.

குடல் கைவிட்டால் இரத்தம் சும்மா இருப்பதில்லை. தசை சுருங்குவதற்கும், நரம்பு இயங்குவதற்கும், இருதயம் துடிப்பதற்கும் இரத்தத்தில் கால்சியம் ஒரு குறிப்பிட்ட அளவு இருந்தே தீரவேண்டும். அது சிறிது குறைந்தாலும், கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு கோளங்கள் சுரக்கும் நீர் எலும்பை அரித்துக் கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்கு அளிக்கிறது. பாஸ்பேட்டையோ சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறதென்றால், எலும்பு நம்மைத் தாங்கும் தூணாயிருப்பதோடு, பஞ்ச காலத்தில் திறக்கப்படும் களஞ்சியமாகவும் இருக்கிறது. உயிரைக் காப்பதற்காக உருவம் பலியாகிறது. வளர்ந்தவர்களுக்கு இது நேர்ந்தால் எலும்பு வளைவதில்லை. மாறாக மென்மையுற்று, இடுப்பிலும் தொடையிலும் இன்னதென்று சொல்லத் தெரியாத வலி எடுத்து, படியேறுவதே பெரும் பாடாகிவிடும்.

வேறு ஜீவசத்துகளுக்கும் எலும்பில் பங்குண்டு. சி இல்லையேல் கொலாஜன் இழைகள் முறுக்கேறுவதில்லை. 1740-களில் ஆன்சன் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தளபதியின் கப்பலில், சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட மாலுமி ஒருவருக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒடிந்து கூடிய எலும்பே மறுபடி விட்டுப்போயிற்றென்று அந்தப் பயணத்தின் வரலாறு கூறுகிறது. கீரைகளில் நிறைந்த கே, எலும்பிலுள்ள ஒரு புரதம் கால்சியத்தைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. ஏ அளவோடு இருந்தால் வளர்ச்சிக்குத் துணை. மிகுந்தால் எலும்பைத் தேய்க்கும்.

டி-யிலும் அந்த அபாயம் உண்டு. ஒரு சிசுவுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 10 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமை லட்சம் பங்கிட்டால் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 15 மைக்ரோகிராம். இது கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கிவிடும் பொருளாதலால், வேண்டாததைச் சிறுநீரில் கழித்துவிட உடலுக்கு வழியில்லை. பிரிட்டனில் யுத்தத்துக்குப் பின் பால்மாவிலும், தானிய உணவிலும், எண்ணெயிலுமாகப் பல வழிகளில் டி சேர்த்துக் கொடுத்ததில், 1950-களில் சில சிசுக்களின் இரத்தத்தில் கால்சியம் மிதமிஞ்சி, அவை பசியற்று, வாந்தியெடுத்து நலிந்தன. அதன்பின் அளவுகள் குறைக்கப்பட்டன. வெயிலால் இப்படி நேராது. தோலில் உண்டானது தேவைக்கு மீறினால், அதே ஒளி அதை வேலை செய்யாத பொருள்களாக மாற்றிவிடுகிறது. மாத்திரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இரத்தத்தில் அளவு பார்க்காமல், எவரோ சொன்னார்கள் என்று பெரிய அளவு மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் இதை அவசியம் அறியவேண்டும்.

வெயில் கொட்டும் நாட்டில் பிறந்தோர்க்கு இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். வியன்னா முடிவுகள் வெளியான அதே 1922-ல் பம்பாய் மாகாணத்து நாசிக் பகுதியிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. வயல்வேலை செய்யும் ஏழைக் குடும்பங்களில் ஆகாரம் மோசமாயிருந்தும் ரிக்கெட்ஸ் அபூர்வமாயிருந்தது. வசதியும் நல்ல ஆகாரமும் இருந்து, பெண்களும் சிறு குழந்தைகளும் வீட்டுக்குள்ளேயே திரைமறைவில் வாழ்ந்த குடும்பங்களில் அது மிகுந்து காணப்பட்டது. கருமை நிறத் தோலுக்கு அதே அளவு டி உண்டாக வெளுத்த தோலைவிட அதிக நேரம் வெயில் வேண்டும். மூப்படைந்த தோலின் திறனோ குறைந்துகொண்டே வரும். வெயில் வாசலில் இருப்பதும், அது தோலில் படுவதும் வேறு வேறு.

தோலில் உண்டானாலும், எண்ணெயில் வந்தாலும், டி அப்படியே வேலை செய்வதில்லை என்பது பின்னால் வந்த கண்டுபிடிப்பு. ஈரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் உருமாறிய பிறகே அது குடலுக்குச் செல்லும் தூதனாகிறது. சிறுநீரகத்தின் பங்கை 1970-ல் கேம்பிரிட்ஜில் ஃபிரேசரும் கோடிசெக்கும் காட்டினார்கள். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு எலும்பு ஏன் நலிகிறதென்பதற்கு அன்று விடை கிடைத்தது. ஹாரியட் சிக் அப்பொழுது உயிரோடிருந்தார், வயது 95. அதற்கும் ஆறாண்டுகள் கழித்து, தமது 101-ஆம் வயதில், வியன்னாவின் அந்த மூன்று குளிர்காலங்களைப் பற்றி வைத்திய சரித்திர சஞ்சிகை ஒன்றில் தாமே ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார்.